பெஸ்ரா, ஒன்று

ஷிக்ராவுக்கும் பெஸ்ராவுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் என்னால் மூன்று மணி நேரம் பேச முடியும். கேட்டவர் ஓடிப்போய்விடுவார். இரண்டுமே வல்லூறு சாதிதான். புறா அளவு உடம்பு, வளைந்த அலகு, யாரைப் பார்த்தாலும் ஒரே முறைப்பு. ஷிக்ரா ஊர்ப் பறவை. கல்கத்தாவில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் ஒரு கிளையில் உட்கார்ந்து அணிலை எடைபோட்டுக்கொண்டிருக்கும். பெஸ்ரா காட்டுப் பறவை. மலையடிவாரத்து மரக்கூட்டத்தை விட்டு லேசில் வெளியே வராது. குளிர்காலத்தில் எப்போதாவது ஒன்று வழிதவறிக் கீழே இறங்கினால் உண்டு.

பெஸ்ராவின் தொண்டை நடுவே கறுப்பாக ஒரு பட்டை ஓடும், விரலில் மை தொட்டு இழுத்த மாதிரி. ஷிக்ராவுக்கும் அங்கே ஒரு கோடு உண்டு, ஆனால் மெல்லிசு. வயதுக்கு வராத ஷிக்ரா சிலதுக்கு மட்டும் அந்தக் கோடு தடித்துப் பட்டை போலவே தெரியும். எல்லோரும் வழுக்கி விழுவது அங்கேதான். உண்மையைச் சொல்வது வால். பெஸ்ரா வாலில் கறுப்புப் பட்டையும் வெளுப்புப் பட்டையும் ஒரே அகலம். ஷிக்ரா வாலில் கறுப்பு ஒல்லி, வெளுப்பு அகலம்.

இதெல்லாம் பறவைகள் மேல் உள்ள ஆசையால் எனக்குத் தெரிந்ததில்லை. ஒரு மனிதர் மேல் உள்ள ஆத்திரத்தால் தெரிந்தது. அவர் பெயர் சீதாராமன்.

என் பெயர் அனுராதா. அப்பா துறைமுகத்து வேலையாக இந்த ஊருக்கு வந்தார். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் பிறர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். வீடு சால்ட் லேக்கில். பத்து வருடமாக ஒரு பறவை சமிதியில் உறுப்பினர். சீதாராமன் அந்தச் சமிதியைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காளிகாட்டில் வீடு, வயது எழுபத்துநாலு. அவருடைய மனைவி நாகலக்ஷ்மி எல்லா இடத்துக்கும் கூடவே வருவார். சமிதிக்கு மொத்தமும் அவர் மாஷிமா, எனக்கு மட்டும் மாமி.

எங்கள் சமிதியில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லா அணிகளும் கிளம்பும். ஆளுக்கொரு பக்கம் சுற்றி, பார்த்த பறவைகளையெல்லாம் எழுதிக்கொண்டு, மாலை நாலு மணிக்கு ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடும். ஒவ்வொரு அணியின் பட்டியலையும் தலைவர் ஸ்வபன்-தா உரக்கப் படிப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எவருக்காவது சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி “ஆபொத்தி” என்று சொல்லலாம். ஆட்சேபணை என்று அர்த்தம். சொல்லிவிட்டால், அந்தப் பறவையைப் பார்த்தவர் முன்னால் வந்து நின்று என்ன பார்த்தார் என்பதை வாயால் விவரிக்க வேண்டும். படம் காட்டக் கூடாது. சமிதியைத் தொடங்கிய காலத்தில் யாரிடமும் கேமரா கிடையாது. அந்த விதியை இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இன்னொரு விதி, ஒரு பறவையை அணியில் இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். விவரித்து முடித்ததும் ஏற்றுக்கொள்பவர்கள் கை தூக்குவார்கள். கை குறைந்தால் பறவை அடிபடும், சிவப்புப் பேனாவால் ஒரே கோடு.

மூன்று வருடத்துக்கு முன்னால் சால்ட் லேக் பூங்காவில், காலை ஏழரை மணிக்கு, நான் ஒரு பெஸ்ராவைப் பார்த்தேன். எங்கள் சமிதிப் பட்டியலில் அதுவரை ஏறாத பறவை. இருபதடி தூரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தது. தொண்டையைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், அப்போது என்னிடம் கேமரா இல்லை. கூட இருந்தவர் துரைசாமி, என் அப்பாவின் பழைய ஆபீஸ்காரர், பாவம், சாது. அவரும் பார்த்தார்.

அன்று மாலை ஸ்வபன்-தா “பெஸ்ரா, ஒன்று” என்று படித்த உடனே சீதாராமன் கையைத் தூக்கினார். நான் முன்னால் போய் நின்றேன், பார்த்ததைச் சொன்னேன். அவர் என்னை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. துரைசாமி பக்கம் திரும்பினார்.

“துரைசாமி, நீர் சொல்லும். அது பெஸ்ரான்னு நீரே கண்டுபிடிச்சீரா, இல்லே இவ சொன்னப்புறம் தெரிஞ்சுதா?”

துரைசாமி பாதி எழுந்தார். “அனுராதா சொல்லிச்சு சார். நானும் பாத்தேன். ஏதோ பருந்து மாதிரி.”

“பருந்து மாதிரி!” என்று சீதாராமன் சபையைப் பார்த்தார். பிறகு என்னிடம், “உனக்கு ஆசை ஜாஸ்தி, கண்ணு கம்மி. பூங்காவில உக்காந்துண்டிருக்கிற ஷிக்ராவை பெஸ்ராங்கறே” என்றார். தமிழில் சொன்னதோடு விட்டாரா? எண்பது பேரும் சிரிக்க வேண்டுமே என்று வங்காளத்தில் ஒருமுறை மொழிபெயர்த்தும் சொன்னார். எண்பது பேரும் சிரித்தார்கள். சிவப்புக் கோடு விழுந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சமிதியில் பெயர் பெஸ்ரா-தி, பெஸ்ரா அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதும் என் முதுகோடுதான் இருக்கிறது. சதுப்புநிலக் கணக்கெடுப்பு அணியிலிருந்து என் பெயர் காணாமல் போனது. வாட்ஸ்அப்பில் நான் ஒரு மைனா படம் போட்டால்கூட “நிச்சயமா தீதி?” என்று கேட்டு ஒரு கண்ணடிக்கும் பொம்மையைப் போடுவார்கள். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது, வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்து போய்விட்டார், ஆபீசில் நான் ஒரு நாற்காலி. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது என் கண் ஒன்றுதான். அதை அந்த மனிதர் எண்பது பேர் முன்னால் பிடுங்கிப் போட்டார். நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

அடுத்த மூன்று வருடம் நான் ஷிக்ராக்களையே பார்த்தேன். ஆண், பெண், கிழம், குஞ்சு, மழையில் நனைந்தது, இறகு உதிர்ந்தது. நானூறுக்கு மேல் படம் எடுத்தேன். எந்த வயதில் எந்த ஷிக்ரா பெஸ்ரா வேஷம் போடும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம் ஆனது. எல்லாம் ஒரே ஒரு காரியத்துக்காக. என்றைக்காவது ஒரு நாள் சீதாராமன் “பெஸ்ரா” என்று எழுதுவார், அன்று நான் கையைத் தூக்குவேன், அதே ஹாலில் அவர் அதேபோல நின்று முழிக்க வேண்டும். அவருக்கு அந்த ஆசை உண்டு என்பது எனக்குத் தெரியும். மாமியே ஒருமுறை சொன்னார்.

“பட்டியல்ல அது ஒண்ணுதான் பாக்கியாம்டி. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தடவை பாத்துடணும்னு பொலம்பிண்டே இருக்கார். அந்தக் கண்ணுல ஒண்ணு ஏற்கனவே மூடியாச்சு. காட்ராக்ட் ஆபரேஷன் பண்ணிக்கோங்கோன்னா கேக்க மாட்டேங்கறார்.”

எனக்கு அது தேன் மாதிரி இருந்தது.

போன டிசம்பரில் தூண்டில் கிடைத்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழக வளாகத்தில் குளத்துக்குப் பின்புறம் வேலி போட்ட ஒரு மரக்கூட்டம் உண்டு. அங்கே நிழலுக்குள்ளே ஒரு இளம் வல்லூறு தங்கியிருந்தது. தொண்டையில் தடித்த கறுப்புக் கோடு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீதாராமனை விழ வைப்பதற்கென்றே ஆர்டர் கொடுத்துச் செய்த ஷிக்ரா! மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன், படமும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அது இலைக்குள் பதுங்கித்தான் உட்கார்ந்திருந்தது. வால் சரியாகத் தெரியவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. எனக்குத் தேவை அந்தத் தொண்டை.

தூண்டிலைப் போட எனக்கு அனந்த் இருந்தான். என் அணிக்காரன், பக்கத்து ஆபீசில் வேலை, முப்பத்திரண்டு வயது. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவான், எந்த மொழியிலும் ஒரு ரகசியம் அவன் வாயில் அரை மணி நேரம் தங்காது. காண்டீனில் டீ குடிக்கும்போது அவனிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அனந்த், ஜாதவ்பூர் குளத்துக்குப் பின்னாடி ஒரு வல்லூறு பாத்தேன். தொண்டையில பெரிய பட்டை. நான் வாயைத் திறக்க மாட்டேன்ப்பா, பட்டது போதும். நீயும் யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“அனு-தி, ப்ராமிஸ். ஒருத்தன்கிட்டயும் போல்போ நா” என்று தொண்டையைத் தொட்டு சத்தியம் செய்தான்.

மறுநாள் மாலையே மாமி போன் செய்தார். “ஏண்டி, ஜாதவ்பூர்ல வேலி தாண்டிப் போக வழி இருக்கோ? இவர் இந்த வருஷம் லேக் பக்கம் வேண்டாம், அங்கதான் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறார்” என்றார். வேலி தாண்ட வேண்டாம், கிழக்குப் பக்கம் ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கிருந்தே பார்க்கலாம் என்று வழி சொல்லிக்கொடுத்தேன். அத்தனை அக்கறை எனக்கு.

அந்த ஞாயிறு காலை என் அணியை ரவீந்திர சரோவர் ஏரிப் பக்கம் அனுப்பிவிட்டு, தலைவலி என்று சொல்லி நான் மட்டும் ஜாதவ்பூருக்குப் போனேன். குளத்தின் மறுகரையில் ஒரு புதர் மறைவில் நின்றேன். எட்டேகாலுக்கு அவர்கள் வந்தார்கள். அவர் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக, மாமி சால்வையைப் போர்த்திக்கொண்டு. அவர்கள் அணியில் மற்ற இரண்டு பேரும் குளத்து வாத்துகளை எண்ணிக்கொண்டு தள்ளி நின்றார்கள். சீதாராமன் பெஞ்சுக்குப் பக்கத்தில் பைனாகுலரைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார். பைனாகுலரை இறக்கி, கண்ணைத் துடைத்து, மறுபடி தூக்கினார். பிறகு மாமியின் தோளைப் பிடித்து உலுக்கி மரத்தைக் காட்டினார். மாமியும் தன் பைனாகுலரைத் தூக்கினார், தலையை ஆட்டினார். ‘எழுதும், எழுதும்’ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் நோட்டை எடுத்து எழுதினார்.

அந்த நேரம் ஒரு காகம் பாய்ந்தது. வல்லூறு கிளையை விட்டு எழும்பி, வெயிலில் ஒருமுறை வாலை விரித்துத் திரும்பி, மரத்துக்குள் போனது. கை பழக்கத்தில் நான் ஐந்து படம் எடுத்தேன். அப்போது அவற்றைப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க அந்த மனிதர் மேல் இருந்தது. அவர் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு முகம்.

மாலையில் ஹால் நிரம்பியிருந்தது. டீயும், சிங்காரா என்கிற சமோசாவும் சுற்றிவந்தன. நான் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். முதல் இரண்டு அணிகளின் பட்டியலை ஸ்வபன்-தா படித்துக்கொண்டிருந்தார். அடுத்தது சீதாராமன் அணி. எனக்குள் ஒரு குறுகுறுப்பு. வாலின் ஒல்லிப் பட்டைகளை ஒருமுறை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு, பிறகு எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்று, கேமராவை மடியில் வைத்துக் காலையில் எடுத்த படத்தைத் திறந்தேன். வாலைப் பெரிதாக்கினேன்.

கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு. எல்லாம் ஒரே அகலம்.

அடுத்த படத்தைத் தள்ளினேன். அதிலும் அப்படித்தான். கால்கள் ஊதுவத்தி மாதிரி மெலிசு, நடுவிரல் தனியாக நீண்டு தொங்கியது. ஷிக்ராவின் கால் குட்டையும் முண்டுமாக இருக்கும். முதுகு நல்ல கறுத்த பழுப்பு. நெஞ்சின் நடுவே அடர்ந்த கோடுகள். மூன்று வருடம் நானூறு ஷிக்ரா பார்த்தவள் நான். அது ஷிக்ரா இல்லை. மூன்று வாரமாக என் எதிரில் ஒரு பெஸ்ரா உட்கார்ந்திருந்தது. நான் அதை ஷிக்ரா என்று முடிவு கட்டிவிட்டு வந்து வந்து போயிருக்கிறேன். அந்தப் பாழாய்ப்போன கிழவர், ஒரு கண்ணில் புரையோடு, பெஞ்சு ஓரத்தில் நின்றபடி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

சிங்காரா தட்டை யாரோ நீட்டினார்கள், வேண்டாம் என்றேன்.

பேசாமல் இருந்தால் சீதாராமன் பெயரில் பெஸ்ரா பட்டியலில் ஏறும். எழுந்து, நானும் பார்த்தேன், மூன்று வாரம் முன்னாலேயே பார்த்தேன் என்று சொல்லலாம். கூட்டம் முடிந்ததும் தேதியோடு படத்தைக் காட்டலாம். அப்போது முதலில் பார்த்தவள் என்று என் பெயர் மேலே ஏறும். பெஸ்ரா-தி என்று யாரும் கண்ணடிக்க முடியாது. பறிபோன மானம் திரும்பி வர அந்தப் படங்கள் போதும். ஆனால் அவர் பெயரும் கூடவே ஏறும், என் பெயருக்குப் பக்கத்திலேயே. அவர் என் தோளைத் தட்டி, ‘பாத்தேளா, அனுராதாவும் கத்துண்டுட்டா’ என்று பெரிய மனது காட்டுவார், அதை வங்காளத்திலும் சொல்லுவார், எல்லோரும் கைதட்டுவார்கள்.

எனக்கு வேண்டியது அது இல்லை. அந்த மனிதர் அங்கே நிற்க வேண்டும், முழிக்க வேண்டும். அவர் பார்த்தது நிஜமாகவே இருக்கட்டும். நான் பார்த்ததும் நிஜம்தானே? அன்று அது எனக்கு என்ன உதவி செய்தது?

“பெஸ்ரா, ஒன்று” என்று படித்துவிட்டு ஸ்வபன்-தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகச் சபையைப் பார்த்தார். ஒரு பரபரப்பு ஓடியது. சில தலைகள் என் பக்கம் திரும்பின.

நான் கேமராவை அணைத்துப் பைக்குள் வைத்தேன். கையைத் தூக்கினேன்.

“ஆபொத்தி.”

சீதாராமன் முன்னால் வந்து நின்றார். அவருக்குக் கொஞ்சமும் கலக்கம் இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நல்ல வங்காளத்தில், நிறுத்தி நிதானமாக விவரித்தார். கறுத்த முதுகு, அடர்ந்த நிழலில் உட்காரும் குணம், வெள்ளைத் தொண்டையில் அகலமான ஒற்றைப் பட்டை. ஒவ்வொரு வார்த்தையும் சரி. அது சரி என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் நான்.

“வால்ல பட்டை எப்படி இருந்துது சார்?” என்றேன்.

“வால் இலைக்குப் பின்னால இருந்துதும்மா. பறக்கறச்சே விரிச்சுது. அப்போ வெயில் கண்ணுல அடிச்சுடுத்து. சரியாப் படலை.”

“அப்போ வாலைப் பாக்காமலே பெஸ்ரான்னு எழுதிட்டீங்க. இளம் ஷிக்ராவுக்கும் தொண்டையில தடிச்ச கோடு வரும். அந்தக் குளத்துப் பக்கம் அப்படி ஒரு ஷிக்ரா இருக்கு. மூணு வாரமா நான் பாத்துக்கிட்டு வரேன்.”

சபையில் ஒரு முனகல். நான் சொன்னது மொத்தத்தையும் வங்காளத்தில் திரும்பச் சொன்னேன். அந்த மொழிபெயர்ப்பை நான் எவ்வளவு அனுபவித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

“எனக்கு ஷிக்ரா தெரியாதா?” என்றார் அவர், குரல் கொஞ்சம் ஏறி. “நாப்பது வருஷமாப் பாக்கறேன்.”

“உங்க கூட ரெண்டாவதா பாத்தது யார் சார்?”

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமி தானாகவே எழுந்தார். சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். கேட்பது அனுராதாதானே என்ற தைரியம்.

எனக்கு அந்த நிமிடம் விட்டுவிடலாம் என்று தோன்றியது. டைபாய்டில் நான் படுத்துக்கிடந்தபோது காளிகாட்டிலிருந்து சால்ட் லேக்குக்குப் பஸ் மாறி வந்து கஞ்சி வைத்துக்கொடுத்தவர் அவர். ஆனால் துரைசாமியையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். அந்த மனுஷர் அதற்குப் பிறகு சமிதிப் பக்கமே வரவில்லை.

“மாமி, நீங்க என்ன பாத்தீங்க?”

“பாத்தேனே. மரத்துல உக்காந்துண்டிருந்தது.”

“தொண்டையில பட்டை இருந்துதா?”

“இருந்துதுன்னு இவர் சொன்னார்.”

“நீங்க பாத்தீங்களா மாமி?”

மாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமிக்குப் பொய் சொல்ல வராது, அது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் கேட்டேன்.

“எனக்கு மரந்தான்டி தெரிஞ்சுது. அவர் அவ்வளவு சந்தோஷமாக் காட்டறார், எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? ஆமான்னு தலையை ஆட்டினேன்.”

ஸ்வபன்-தா கேட்டுக்கொண்டதால் அதையே மாமி வங்காளத்திலும் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கேலி என்றுகூடச் சொல்ல முடியாது, பாசமான சிரிப்புதான், ஆனால் சிரிப்பு. மாமியும் ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். பதினோரு கை எழுந்தது. ஸ்வபன்-தா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

சீதாராமன் அங்கேயே நின்றார். எதிர்த்துப் பேசுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் பதில் வைத்திருந்தேன். அவர் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்து, “அனுராதா சொன்னா சரியாத்தான் இருக்கும். மூணு வாரமாப் பாத்திருக்கா. எனக்குக் கண்ணு போயிடுத்து. அன்னிக்கு அவ பறவையை நான் அடிச்சிருக்கக் கூடாது. அவளுக்குத்தான் கண்ணு இருக்கு” என்றார். முதலில் தமிழில் எனக்காக. பிறகு வங்காளத்தில் எல்லோருக்காகவும்.

கைதட்டினார்கள். அவருக்கும் சேர்த்து, எனக்கும் சேர்த்து. யாரோ என் முதுகைத் தட்டினார்கள். அனந்த் வாயில் விரலை வைத்து விசிலடித்தான். மூன்று வருடம் நான் ஆசைப்பட்ட காட்சி இம்மி பிசகாமல் நடந்துகொண்டிருந்தது, ஆசைப்பட்டதற்கு மேலேயே. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்தால் நான் சொல்லும் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். உடம்பெல்லாம் சூடாக, தித்திப்பாக, நல்ல பசிக்குப் பிறகு சாப்பிட்ட மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்தபோது வாசலில் மாமி என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்றிருந்தது. சீதாராமன் தெருவோரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி டாக்சிக்காக நின்றிருந்தார்.

“தப்பா நெனச்சுக்காதேடி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீயும் கார்த்தால அங்கதான் இருந்தியா? குளத்துக்கு அந்தப் பக்கம் பச்சைச் சட்டை தெரிஞ்சுதே.”

நான் போட்டிருந்தது பச்சைச் சட்டைதான். மரத்து மேல் பறவை தெரியாத மாமிக்குப் புதருக்குள் நான் தெரிந்திருக்கிறேன். “ஆமா மாமி” என்றேன்.

“படம் எடுத்திருப்பியே. ஒரு தடவை அவர்கிட்ட காட்டேன். உள்ள சரி சரின்னுட்டார், வெளில வந்து அழறார்டி. பைனாகுலரை யாருக்காவது குடுத்துடு, இனிமே நான் எதையும் நம்பிப் பாக்க முடியாதுங்கறார். ஷிக்ராதான்னு படத்துல கண்ணால பாத்துட்டார்னா மனசு ஆறிடும். பறவை தப்புப் பண்ணித்து, தான் பண்ணலைன்னு இருப்பார். அவ்வளவுதான் அவருக்கு வேணும்.”

என் தோளில் பை தொங்கியது. ஐந்து படமும் அதற்குள் இருந்தன. அதற்கு முந்தின மூன்று வாரத்துப் படங்களும் இருந்தன. கையை உள்ளே விட்டு எடுத்தால் முடிந்தது. அந்த மனிதர் முதுகு குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

“எடுக்கல மாமி” என்றேன். “கேமராவுல சார்ஜ் இல்ல.”

“அது ஷிக்ராதானே? நிச்சயமா?”

“நிச்சயமா மாமி. ஷிக்ராதான்.”

மாமி நம்பினார். என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, டாக்சி வந்ததும் அவரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். நான் சால்ட் லேக் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். யார் கண்ணிலாவது படங்கள் பட்டால் இன்று நடந்ததெல்லாம் தலைகீழாகிவிடும். ருபி நிறுத்தம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கடைசிப் படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தேன். வெயிலில் விரிந்த வால், எண்ணி நாலு கறுப்புப் பட்டை. அதற்கு முன்னும் சரி பின்னும் சரி, அவ்வளவு நல்ல பெஸ்ரா படத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. அதையும் அழித்தேன்.

மறுநாள் காலை சிலர் ஜாதவ்பூர் போய்த் தேடினார்களாம், பறவை இல்லை. மதியம் ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சமிதியின் இறுதிப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. நூற்று முப்பத்தெட்டு வகை. பெஸ்ரா இல்லை. ஷிக்ரா என்ற வரியில் முந்தின நாள் மாலை மொத்தம் பதினொன்று என்று படித்தார்கள். இப்போது பன்னிரண்டு என்று போட்டிருந்தது. பன்னிரண்டாவதற்குக் கீழே ஸ்வபன்-தா தனியாக ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஜாதவ்பூர் குளம், காலை எட்டேகால், பறவையைச் சரியாக அடையாளம் கண்டவர் அனுராதா.